திருடன் எழுதி வைத்த சீட்டு

அத்தியாயம் 9

"திருடிட்டு ரசீதும் எழுதி வச்சுட்டுப் போற திருடனை இன்னைக்குத்தான் பாக்குறேன் மேடம்."

உதவியாள் ரேடியோ சொன்னதில் தப்பில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய பூட்டு இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைச் சீட்டு கிடந்தது. அச்சடித்த கட்டங்கள். பொருள் எண் எழுதப்பட்டிருந்தது. எடுத்த இடம், கூடம் 2, பெட்டி 6. தேதி, செவ்வாய்க்கிழமை. எங்கே கொண்டுபோகப்படுகிறது என்ற கட்டமும் கையெழுத்துக் கட்டமும் மட்டும் மொட்டையாக நின்றன.

ரேடியோவுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று யாரும் கேட்டதில்லை. முப்பத்தைந்து வருஷத்தில் அவன் வாய் மூடியிருந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் ஒரு முழு நாள் தேறாது. அவனுடைய மேடம் அதற்கு நேர்மாறு. காப்பீட்டுக் கம்பெனியில் இருபது வருஷம் பொய்யர்களைப் பிடித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிற ஐம்பத்திரண்டு வயதுக்காரர். ஊர் அவரைப் பூதக்கண்ணாடி என்று அழைத்தது. அவரிடம் பூதக்கண்ணாடி கிடையாது. வெள்ளெழுத்துக் கண்ணாடி ஒன்று உண்டு. அதையும் தலைமேல் வைத்துக்கொண்டு ரேடியோவைத் தேடச் சொல்வார்.

"அது ரசீது இல்லை" என்றார் அருங்காட்சியக இயக்குநர். கோப்பு ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். "நகர்த்தல் சீட்டு. அருங்காட்சியகத்துல எந்தப் பொருளை எடுத்தாலும் அந்த இடத்துல இதை எழுதி வைக்கணும். இல்லைன்னா அடுத்த ஆள் வந்து திருட்டுப் போச்சுன்னு கூச்சல் போடுவான்."

"சீட்டு வச்சும் கூச்சல் போடறது நீங்கதானே சார்?"

இயக்குநர் பல்லைக் கடித்தார். பூதக்கண்ணாடி ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். ஒலி கொஞ்சம் குறைந்தது.

அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் நூல் ஆலை. ஆலையை மூடியதும் நிறுவனரின் குடும்பமே ஓர் அறக்கட்டளை வைத்து அதை அருங்காட்சியகமாக்கி, நல்ல பேரும் வாங்கிக்கொண்டது. முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே தீப்பிடித்துப் பதினோரு பேர் கருகிப் போனார்கள். அந்தப் பதினோரு பேருக்கும் சேர்த்துக் கூடத்துச் சுவரில் ஒரே ஒரு பலகை இருந்தது. 'பதற்றத்தில் வடக்குக் கதவைத் திறக்க முடியாமல் பதினோரு தொழிலாளர்கள் உயிரிழந்தனர்.' செத்தவர்கள் மேலேயே பழியைப் போட்டு, அதைப் பித்தளையில் எழுதி, வாரா வாரம் துடைத்தும் வைத்திருந்தார்கள்.

காணாமல் போனது அந்த வடக்குக் கதவின் பூட்டு. தீயணைப்புக்காரர்கள் அதன் வளைந்த கம்பியை ரம்பத்தால் அறுத்திருந்தார்கள். அறுந்த கம்பியின் மறுமுனை இன்னமும் பூட்டுக்குள் சிக்கியபடியே இருந்தது. சாவி போட்டு யாரும் திறக்கவில்லை. பூட்டிய கதவைப் பதறாமல் இருந்தால் மட்டும் திறந்திருக்க முடியுமா? அந்தப் பலகையைப் பொய்யாக்க இந்த இரும்புத் துண்டு ஒன்றே போதும்.

இன்று நான்கு மணிக்கு அருங்காட்சியகத்தில் பொது நிகழ்ச்சி. 'பொருளும் நானும்' என்று பேர். ஆலையில் வேலை பார்த்தவர்கள் தாங்கள் கொடுத்த பொருளின் பக்கத்தில் நின்று, அதைப் பற்றி ஊருக்குச் சொல்ல வேண்டும். முதலில் பேசப்போவது பூட்டைக் கொடுத்தவர். இப்போது மணி ஒன்று.

"அது நிஜமான பூட்டுதான்னு யார் சொன்னா?" என்றார் இயக்குநர். "பழைய இரும்புக் கடையில பொறுக்கினதா இருக்கலாம். சோதனைக்கு அனுப்பப் போறேன்னு செவ்வாய்க்கிழமை காலையில சொன்னேன். புதன்கிழமை வந்து பாத்தா காணோம். நிகழ்ச்சி அலுவலர்தான் எடுத்திருக்கணும். சோதிச்சா குட்டு வெளிப்பட்டுடும்னு பயம்."

"போலீஸுக்குச் சொல்லலையா?" என்று கேட்டார் பூதக்கண்ணாடி.

"நிறுவனத்தோட மானம் என்னாகறது? நீங்க மூணரைக்குள்ள கண்டுபிடிச்சு என் கையில குடுங்க. இல்லைன்னா நிகழ்ச்சி ரத்து. பொருள் இல்லைன்னா பேச்சு இல்லை, அது அந்தம்மா போட்ட விதிதான். அவங்களை வேலையை விட்டு அனுப்பற கடிதமும் தயாரா இருக்கு." கோப்பைத் தட்டிக் காட்டினார். ஏதோ கல்யாணப் பத்திரிகை மாதிரி அத்தனை பூரிப்போடு தட்டினார்.

பூதக்கண்ணாடி சீட்டைத் தூக்கிப் பிடித்தார். "பென்சில்ல எழுதியிருக்கு."

"அதான் சொல்றேனே! அவங்க மேஜையில ஒரு கட்டு பென்சில் இருக்கு."

"உங்க சட்டைப் பையிலயும் ஒண்ணு இருக்கு சார்."

இயக்குநரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. மை பட்டால் போகாது என்பதால் கூடத்துக்குள் யாரும் பேனா வைத்துக்கொள்ளக் கூடாது என்று வாசலிலேயே எழுதி ஒட்டியிருந்தது. ரேடியோவின் பேனாவையும் காவலாளி பிடுங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

இயக்குநர் போனதும் ரேடியோ காதருகே வந்தான். "என்ன மேடம் தோணுது?"

"எடுத்தவர் இந்தக் கட்டடத்துக்காரர். ஒரு பொருளை நகர்த்தினா சீட்டு எழுதாம இருக்கக் கை வராத ஆள். திருட வந்த இடத்துலயும் பழக்கம் விடலை. அப்படிப்பட்டவர் பூட்டை உடைக்க மாட்டார், ஆத்துல வீச மாட்டார், வெளியே கொண்டுபோகவும் மாட்டார். அது இங்கேயேதான் இருக்கு."

"இங்கேன்னா? நாலாயிரம் சாமான் இருக்கு மேடம். நாலாயிரத்தையும் புரட்டிப் பாத்தா மூணரை ஆகும். ஆனா எந்த வருஷத்து மூணரைன்னு தெரியாது."

"முதல்ல ஒரு டீ குடிப்போம்" என்றார் பூதக்கண்ணாடி.

*

பத்து நாளாக மழை விடவில்லை. ஊழியர்கள் டீ குடிக்கிற அறை கட்டடத்தின் பின்பக்கம், சாமான் இறக்குகிற வாசலை ஒட்டி இருந்தது. சுவரில் ஈரம் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தது. மாட்டியிருந்த நாட்காட்டி அப்பளம் போல நெளிந்து தொங்கியது. நிகழ்ச்சி அலுவலர் அங்கேதான் இருந்தார். முப்பது வயசைத் தாண்டிய பெண், முழங்கை வரைக்கும் பசை. வேலை போகப் போகிறது என்று தெரிந்தும், வருகிறவர்களுக்கான பேர் அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"நிகழ்ச்சி ரத்தாகும்னு சொல்றாரே?" என்றார் பூதக்கண்ணாடி.

"கூடத்தைப் பூட்டினா வாசல்ல வச்சு நடத்துவேன். மழை பெஞ்சா குடையைப் பிடிச்சுக்கிட்டு நடத்துவேன். வேலையை விட்டு அனுப்பினா, அனுப்பின கடிதத்தை வாசிச்சுட்டு நடத்துவேன்." கத்தரிக்கோல் நிற்கவே இல்லை. "ஆனா பூட்டு இல்லாம அந்த அக்கா பேச மாட்டாங்க மேடம். அதுதான் என் பயம்."

"பூட்டைக் குடுத்தவங்களா?"

"ஆமா. நூற்புப் பிரிவுல வேலை பாத்தவங்க. கூடப்பிறந்த அக்காவைத் தீயில பறிகொடுத்தவங்க. மறுநாள் முற்றத்துல கிடந்த பூட்டை எடுத்துத் துணியில சுத்தி முப்பத்தெட்டு வருஷம் வச்சிருந்தாங்க. எட்டு மாசம் நடையா நடந்தேன். வாசல்லயே நிக்க வச்சுப் பேசி அனுப்பிடுவாங்க. கடைசியில ஒருநாள் உள்ளே கூப்பிட்டு, 'இது பக்கத்துல இருந்தா பேசுவேன், இல்லைன்னா எனக்கு வாய் வராது'ன்னாங்க. மனசு மாறினவங்களைத் திருப்பி அனுப்பினா, அப்புறம் சாகிற வரைக்கும் பேச மாட்டாங்க."

கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு டீயை ஊற்றினார். அழக்கூடாது என்று டீயின் மேல் கோபப்பட்டு ஊற்றியதில் பாதி தட்டில் விழுந்தது.

ரேடியோவுக்கு ஆறுதல் சொல்ல வராது. அதனால் அலமாரியிலிருந்த தகர டப்பாவைத் திறந்து ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.

மொறுக்.

பூதக்கண்ணாடி டீக் கோப்பையைப் பாதி வழியில் நிறுத்தினார். "இன்னொரு தடவை கடி."

"மேடம்?"

"கடிடா."

மொறுக்.

"பத்து நாள் மழை" என்றார் பூதக்கண்ணாடி. "எங்க வீட்டுல அப்பளம் கைக்குட்டை மாதிரி மடியுது. சுவத்துல தண்ணி வடியற இந்த அறையில, மூடி சரியா மூடாத டப்பாவுல, உனக்கு மட்டும் எப்படிடா மொறுமொறுன்னு பிஸ்கட் கிடைக்கும்?"

"என் நல்ல நேரம்னு நினைச்சேன்."

நிகழ்ச்சி அலுவலர் நிமிர்ந்தார். "ஆமாம், போன வாரம் முழுக்க நமுத்துப்போயிருந்துச்சு. தின்னவே முடியலைன்னு நான்தான் கத்திக்கிட்டிருந்தேன்."

பூதக்கண்ணாடி டப்பாவைக் கவிழ்த்தார். பிஸ்கட்டுகள் மேஜையில் கொட்டின. அடியில் விரித்திருந்த காகிதத்தை எடுத்ததும், அதன்கீழ் செங்கல்லில் பாதி அளவுக்கு இரண்டு துணிப் பொட்டலங்கள் தெரிந்தன. உள்ளே மணி மணியாக ஏதோ நெருநெருத்தது.

"இது கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ள வைக்கிறதாச்சே!" என்றார் நிகழ்ச்சி அலுவலர். "ஈரத்தை உறிஞ்சற மணி. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே ஒரு தட்டு இருக்கும், அதுக்குள்ள எட்டு எட்டா அடுக்கியிருப்போம். இங்கே எப்படி வந்துச்சு?"

"ஏன்டா எடுத்தாங்க?" என்று ரேடியோவைக் கேட்டார் பூதக்கண்ணாடி.

"பிஸ்கட் நமுத்துப் போகாம இருக்க."

"அது அப்புறம் வந்த யோசனை. முதல்ல ஏன் எடுக்கணும்?"

ரேடியோ பிஸ்கட்டையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் வாயாடிதானே தவிர முட்டாள் இல்லை. "இடம் வேணும்னு" என்றான் மெதுவாக. "அந்தத் தட்டுக்குள்ள வேற ஒண்ணை வைக்க இடம் வேணும்னு எடுத்திருக்காங்க. எடுத்த பொட்டலத்தைக் குப்பையில போட மனசு வரலை. இவங்க கத்தினது ஞாபகம் வந்திருக்கு."

"பிஸ்கட்டுக்கு நன்றி சொல்லிட்டு வா" என்று எழுந்தார் பூதக்கண்ணாடி.

*

கூடத்தில் பதினான்கு கண்ணாடிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மூலையிலும் உள்ளே எவ்வளவு ஈரம் என்று காட்டுகிற சின்ன வட்ட முள் இருந்தது. ரேடியோ ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துக்கொண்டே போனான்.

"நாப்பத்தஞ்சு. நாப்பத்தாறு. நாப்பத்தஞ்சு. இது நூல் சுத்தற கட்டை, நாப்பத்தேழு. எல்லாருக்கும் உடம்பு நல்லாத்தான் இருக்கு மேடம். நாப்பத்தஞ்சு... அடேயப்பா!"

"எவ்வளவு?"

"அம்பத்தொம்பது. பெரியவருக்குக் காய்ச்சல்."

அது கூடத்தின் நடுநாயகமான பெட்டி. தேக்குச் சட்டம், பித்தளைக் கீல். உள்ளே நிறுவனரின் கறுப்புக் கோட்டு ஆளுயரப் பொம்மை மேல் நெஞ்சை நிமிர்த்தி நின்றது. பக்கத்தில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. மற்ற பெட்டிகளைவிட இதற்கு வெளிச்சம்கூட ஒரு பங்கு அதிகம்.

பின்னாலேயே வந்திருந்த நிகழ்ச்சி அலுவலர் ஓர் அடி பின்வாங்கினார். "இதை யாரும் தொட மாட்டாங்களே. குடும்பத்துலேருந்து கடிதம் வந்தாத்தான் திறக்கலாம். இயக்குநரே திறக்க முடியாது."

"அப்ப, இந்தக் கட்டடத்துல இயக்குநர் கை போகாத ஒரே இடம் இதுதான்" என்றார் பூதக்கண்ணாடி. "கீழே இருக்கற தட்டு?"

"அதுக்கு மட்டும் தனிச் சாவி. பொட்டலம் மாத்தறதுக்காக. அது..." அவர் நிறுத்தினார். சொன்னால் ஒருவர் மாட்டிக்கொள்வார் என்று புரிந்துவிட்டது.

"நீங்க சொல்ல வேண்டாம்மா" என்றார் பூதக்கண்ணாடி. "நாங்களே போய்க் கேட்டுக்கறோம்."

*

பொருள் கிடங்கு கட்டடத்தின் மேல்தளத்தில் இருந்தது. எல்லோரும் ஸ்டோர் அண்ணன் என்று கூப்பிடுகிற கிடங்குக் காப்பாளர், சின்னத் தூரிகையால் ஒரு தறிக்கட்டையின் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அதே நாற்காலி. பூதக்கண்ணாடி இரண்டு துணிப் பொட்டலங்களையும் அவர் மேஜைமேல் வைத்தார்.

"உங்க பிஸ்கட் நல்லா இருந்துச்சு."

அவர் தூரிகையைக் கீழே வைத்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை. யாராவது வந்து கேட்க மாட்டார்களா என்று இரண்டு நாளாகக் காத்திருந்தவர் மாதிரித்தான் இருந்தார்.

"எட்டுப் பொட்டலம் இருந்த இடத்துல பூட்டை வச்சா ஆறுதான் பிடிச்சுது" என்றார். "ரெண்டையும் தூக்கிப் போட்டிருக்கலாம். நல்ல பொட்டலம். வீணாக்க மனசு வரலை."

"நீங்களா அண்ணே!" ரேடியோவால் நம்ப முடியவில்லை. "பூட்டை எடுத்தது சரி, சீட்டு எதுக்கு எழுதினீங்க?"

"எழுதாம எப்படித் தம்பி எடுக்கறது?" அந்தக் கேள்விதான் அவருக்கு விசித்திரமாகப் பட்டது. "எங்கேன்னு எழுதினா அவர் போய் எடுத்துடுவார். கையெழுத்துப் போட்டா என்னைக் கேட்பார். மத்ததெல்லாம் சரியா எழுதியிருந்தேனே."

"ஏன் எடுத்தீங்க?" என்றார் பூதக்கண்ணாடி.

ஸ்டோர் அண்ணன் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். பொருளை வெளியே அனுப்புகிற படிவம். கீழே இயக்குநரின் கையெழுத்து. காப்பாளர் கையெழுத்து என்ற இடம் காலி. பூதக்கண்ணாடி தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

"அனுப்பும் காரணம், சோதனை. அனுப்பும் இடம், அறக்கட்டளை அலுவலகம். அங்கே என்ன சோதனைக் கூடமா இருக்கு?"

"ரெண்டு சோபா இருக்கு. நிறுவனரோட பேரன் இருக்கார்" என்றார் ஸ்டோர் அண்ணன். "அதுக்கு அடுத்த கட்டத்தைப் பாருங்கம்மா."

திரும்பி வரும் தேதி என்ற கட்டத்தில் தேதி இல்லை. குறுக்கே ஒரு கோடு இழுத்திருந்தது. அளவுகோல் வைத்து, கோணாமல் இழுத்த கோடு.

"கோடு போட்ட படிவத்துல முன்னே ஒரு தடவை கையெழுத்துப் போட்டேன்" என்றார் அவர். "பதினாறு வருஷம் முன்னாடி. தீப்பிடிச்ச அன்னைக்கு யார் யார் உள்ளே இருந்தாங்கன்னு எழுதின வருகைப் பதிவேடு. பைண்டு பண்ணித் தரேன்னு எடுத்துட்டுப் போனாங்க. இன்னைய வரைக்கும் பைண்டு பண்ணிக்கிட்டே இருக்காங்க. அந்தப் பதினோரு பேர் பேரும் அதோட போச்சு. இந்தத் தடவை போட மாட்டேன். என் வேலை போகட்டும். போட மாட்டேன்."

அவர் குரல் உயரவே இல்லை. ஆனால் அந்த மேஜை, அந்த அலமாரிகள், அந்த மனிதர் எல்லாம் சேர்ந்து காலை ஊன்றிக்கொண்டு நிற்பதாக ரேடியோவுக்குத் தோன்றியது.

"மேடம்" என்றான் பிறகு. "நம்ம கட்சிக்காரர் இயக்குநர். பூட்டைக் கண்டுபிடிச்சு அவர் கையில குடுக்கறதா ஒத்துக்கிட்டோம்."

"கண்டுபிடிக்கறதாத்தான் ஒத்துக்கிட்டேன். கையில குடுக்கறதா எப்ப சொன்னேன்? கேட்டதெல்லாம் அவர். நான் சீட்டைப் பாத்துக்கிட்டு நின்னேன்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர் மூச்சு வாங்க உள்ளே நுழைந்தார். மணி மூன்று இருபத்தைந்து. ஸ்டோர் அண்ணன் பொட்டலங்களின் மேல் தறிக்கட்டையை வைத்தார்.

"கிடைச்சுதா?"

"இடம் தெரிஞ்சுடுச்சு சார்" என்றார் பூதக்கண்ணாடி. "எடுத்த ஆளும் தெரிஞ்சுடுச்சு."

"எங்கே? குடுங்க!"

"நிகழ்ச்சி நடக்கட்டும். நாலு மணிக்குச் சபையில எல்லார் முன்னாடியும் எடுத்துக் காட்டறேன். எடுத்தவங்களும் அங்கேயே நிப்பாங்க."

இயக்குநரின் மனசுக்குள் ஓடியது ரேடியோவுக்குப் பலகையில் எழுதின மாதிரித் தெரிந்தது. நூறு பேர் முன்னால் நிகழ்ச்சி அலுவலர் கையும் களவுமாகப் பிடிபடுவார், கடிதத்தை அங்கேயே நீட்டலாம், பூட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். அவர் முகம் மலர்ந்தது.

"நல்ல யோசனை" என்றார். "நானே அறிவிக்கிறேன்."

*

நான்கு மணிக்குக் கூடத்தில் உட்கார நாற்காலி இல்லை. பழைய தொழிலாளர்கள், அவர்கள் பிள்ளைகள், பேரன் பேத்திகள், பக்கத்துக் கல்லூரியின் வரலாற்று மாணவர்கள் எல்லோரும் சுவரோரமாக நின்றார்கள். முன்வரிசையில் பூட்டைக் கொடுத்த நூற்பு அக்கா உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயசு, ஒடிசலான உடம்பு, நேராக நிமிர்ந்த முதுகு. காலிப் பெட்டியைப் பார்த்தது முதல் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தார். "ஒரு வருத்தமான செய்தி. நம்பி வேலை குடுத்த இடத்துலேயே ஒருத்தர் கை வச்சுட்டாங்க. யார்னு இப்ப துப்பறிவாளரே சொல்வாங்க." நிகழ்ச்சி அலுவலர் பக்கம் ஒரு பார்வை வேறு.

பூதக்கண்ணாடி எழுந்தார். ஒலிவாங்கியை வாங்கவில்லை. "ஸ்டோர் அண்ணே" என்று மட்டும் கூப்பிட்டார்.

ஸ்டோர் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நிறுவனரின் பெட்டி முன்னால் மண்டியிட்டார். சாவி திரும்பியது. கீழ்த் தட்டு வெளியே வந்தது. மெல்லிய வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலத்தை, இரண்டு கைகளாலும் தாங்கி எடுத்துப் பிரித்தார். புதுத் துரு ஒரு பொட்டுக்கூட ஏறாமல் பூட்டு இருந்தது.

கூடம் முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. இரண்டு நாளாக அந்தக் கறுப்புக் கோட்டு அந்தப் பூட்டின் மேல்தான் நின்றிருக்கிறது என்பது ஒவ்வொருவருக்காகப் புரிய, பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள்.

இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை. "இது... இது அத்துமீறல்! திருட்டு!"

"கட்டடத்தை விட்டு அரை அடி வெளியே போகலை சார்" என்றார் ஸ்டோர் அண்ணன். "எடுத்தது நான்தான். அந்தம்மாவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லை."

"இங்கே குடுங்க அதை! நான்தான் உங்களை அமர்த்தினேன்" என்று பூதக்கண்ணாடி பக்கம் திரும்பினார் இயக்குநர். "என் கையில குடுக்கச் சொன்னேன்!"

"குடுத்தா எப்ப திரும்பி வரும் சார்?"

"என்னது?"

"உங்க படிவத்துல அந்தக் கட்டத்துல கோடு போட்டிருக்கு." பூதக்கண்ணாடி தாளை உயர்த்திப் பிடித்து, சபைக்குக் கேட்கும்படி மேலிருந்து கீழ்வரை வாசித்தார். அனுப்பும் இடம் என்பதை மட்டும் இரண்டு முறை வாசித்தார். "தேதியை இப்ப சொல்லுங்க. எல்லாரும் இருக்காங்க. நான் எழுதிக்கறேன். ரேடியோ, பென்சில் குடு."

ரேடியோ பென்சிலை நீட்டினான். "தேதி மட்டும் போதும் சார், கிழமையை நாங்களே பாத்துக்கறோம்."

இயக்குநர் கையிலிருந்த கோப்பைப் புரட்டினார். தேதி வரவில்லை.

ஸ்டோர் அண்ணன் பூட்டைக் கொண்டுபோய் நூற்பு அக்காவின் கையில் வைத்தார். கண்ணாடிக்குள் வைக்க வேண்டிய பொருள், வெறுங்கையால் தொடக் கூடாது. முப்பது வருஷ விதியை அவரே மீறினார். நிகழ்ச்சி அலுவலர் ஒலிவாங்கியை அக்காவின் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, அதன் மின் பொத்தானை மறைத்துக்கொண்டு நின்றார். யாராவது அணைக்க வந்தால் அவரைத் தாண்டித்தான் வர வேண்டும்.

நூற்பு அக்கா எழுந்தார். பூட்டின் அறுந்த கம்பியைக் கட்டைவிரலால் தடவினார்.

"பதறுனாங்கன்னு பலகையில போட்டிருக்கு" என்றார். "எங்க அக்கா பதறலை. கதவைத் தட்டுனா. மூணு தட்டு, ஒரு நிறுத்தம். மூணு தட்டு, ஒரு நிறுத்தம். ஆளுங்களைக் கூப்பிடறதுக்கு நாங்க வழக்கமா தட்டற மாதிரியே தட்டுனா. எனக்குக் கேட்டுச்சு. ஏன்னா நான் கதவுக்கு வெளியில நின்னுக்கிட்டிருந்தேன்."

அக்கா பூட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

"வேலை ஆரம்பிச்சதும் யாரும் நடுவுல எழுந்து போகக் கூடாதுன்னு வடக்குக் கதவை வெளியிலேருந்து பூட்டுவாங்க. அந்த வருஷம் அது என் வேலை. எனக்கு இருபது வயசு. பூட்டிட்டுச் சாவியை முதலாளி ரூம்ல குடுக்கணும். அன்னைக்கும் பூட்டுனேன். அக்கா உள்ளே போனதைப் பாத்துட்டுத்தான் பூட்டுனேன்." வலது கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கைதான்."

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டார். மதியத்திலிருந்து எத்தனையோ கண்டுபிடித்தவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. வேறு பக்கம் பார்க்க நினைத்தும் ரேடியோவால் அந்தக் கையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை.

இயக்குநர் துள்ளி முன்னால் வந்தார். மூழ்கப் போனவருக்குக் கட்டை கிடைத்துவிட்டது. "கேட்டீங்களா? எல்லாரும் கேட்டுக்குங்க! பூட்டுனது இவங்களேதான்! அவங்க வாயாலேயே ஒத்துக்கறாங்க!"

"ஆமா, ஒத்துக்கறேன்" என்றார் நூற்பு அக்கா. "அதை ஒத்துக்கத்தான் இங்கே வந்தேன். முப்பத்தெட்டு வருஷமா எந்த வாசல்ல போய்ச் சொல்றதுன்னு தெரியாம இதைத் துணியில சுத்தி வச்சிருந்தேன். என் பங்கை நான் சொல்லிட்டேன். புகை வந்ததும் சாவி கேட்டு ஓடினேன். முதலாளி ரூம் கதவைத் தட்டுனேன். உள்ளே நடமாட்டம் கேட்டுச்சு. கதவு திறக்கலை. உள்ளே யார் இருந்தாங்க, கதவுக்கு அந்தப் பக்கத்துலேருந்து என்கிட்ட என்ன சொன்னாங்கன்னு இப்ப சொல்லப் போறேன்."

அவர் இயக்குநரைப் பார்த்தார்.

"உக்காருங்க சார்."

இயக்குநர் உட்கார்ந்தார்.